கண்ணேறு விதை

சைனுராவின் முன்பல் போனது ஓர் அளவுக்குச்சியால். கோடை மேய்ச்சலுக்கு மேட்டில் கூடியிருந்த சர்தாரா ஊர்ப் பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பாலைத் தனியாகக் காய்ச்சி வெண்ணெய் எடுப்பதில்லை. ஒரு வீட்டு ஆடுகள் கறப்பது ஒரு மத்துக்குக்கூடப் போதாது. அதனால் எல்லோரும் ஒருத்தி வீட்டுப் பானையில் ஊற்றுவார்கள். இன்று இவள் முறை, நாளை இன்னொருத்தி முறை. யார் எவ்வளவு ஊற்றினாள் என்பதற்கு ஆற்றோரத்து மரக்குச்சி ஒன்றைப் பானையில் விட்டு, பால் ஏறிய இடத்தில் கத்தியால் வெட்டு போடுவார்கள். தன் முறை வரும்போது அவளுக்கு அதே உயரம் திரும்பி வரும். பால் ஊற்றுகிறவள் ஓர் அடுப்பு, அதாவது ஒரு தனி வீடு. வாய்க்கால் தண்ணீர், விறகு, சாவு வீட்டுச் சோறு எல்லாம் எங்களிடம் அடுப்புக் கணக்கில்தான்.

அன்று தவக்கல் கீழேயிருந்து கழுதையில் மாவு ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். கழுத்து தடித்த, குரல் தடித்த ஆள். ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய், முதுகில் ஏதோ விழுந்து, ஊருக்கே திரும்பியவன். அவன் மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும்போது பால்கூட்டைப் பார்த்துக்கொள்ளும் மொஹ்பேகிம் குச்சியைப் பானையில் விட்டாள். தவக்கலின் மனைவி சைனுரா ஊற்றியதற்கு ஒரு வெட்டு விழுந்தது. அடுத்து அவன் தம்பி மனைவி ஓய்னிசா வெறும் பானையில் ஊற்றினாள். அவளுக்குத் தவக்கலைவிட ஆடுகள் குறைவு. ஆனால் வெட்டு இரண்டு விரல்கடை மேலே விழுந்தது.

மொஹ்பேகிமுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏ தவக்கல், உன் தம்பி ரஷ்யாவுல இருந்துகிட்டே உன்னைவிட நல்லாக் கறக்குறானப்பா" என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். சைனுராவும் சிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. தவக்கல் மொஹ்பேகிமின் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி மனைவியின் வாயில் ஓங்கி அடித்தான். குச்சி இரண்டாக முறிந்தது. அவள் பானையின் மேல் குனிந்து வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் வடிந்த ரத்தம் பாலில் சொட்டியது.

அந்தப் பாலை நாய்களுக்கு ஊற்றினார்கள். மொஹ்பேகிம் முறிந்த துண்டுகளைப் பொறுக்கினாள்.

"பல்லு உன் பொண்டாட்டியோடது, உடைச்சுக்கிட்ட. குச்சி ஊரோடது. ஆத்தோரம் போய்ப் புதுசு வெட்டிக் குடுத்துட்டு அப்புறமா வீட்டுக்குப் போ."

தவக்கல் போய் வெட்டிக்கொண்டு வந்தான். மட்டமாகச் சீவி, பட்டை உரித்து, மொஹ்பேகிமின் காலடியில் போட்டுவிட்டுப் போனான்.

*

ஓய்னிசாவின் கணவன் சத்தோர் ரஷ்யாவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு, கைபேசியில் மூன்று முறை தலாக் சொல்லி அவளை முடித்துக்கொண்டவன். அவள் அப்போது மேட்டில் சிக்னல் கிடைக்கும் பாறை மேல் நின்றிருந்தாள். கேட்டுவிட்டு இறங்கி வந்து ஆடுகளைக் கட்டினாள்.

வழக்கப்படி அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அப்பா இறந்துவிட்டார். அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு மூலைகூட இல்லை. ஆடுகள் அவள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தவை. அவளை வெளியேற்ற வேண்டும், கொட்டிலும் அறையும் தனக்கு வேண்டும் என்று தவக்கல் ஊர்த்தலைவர் ஹொகிம்ஷோவிடம் போனான். ஹொகிம்ஷோ சோவியத் கூட்டுப்பண்ணை காலத்தில் கணக்குப் பிள்ளையாக இருந்தவர். எதையும் பாதியாகத்தான் முடிவு செய்வார்.

"பால்கூட்டுல ஊத்துற வரைக்கும் அவ ஓர் அடுப்பு. அடுப்பை ஊர்ல இருந்து யாரும் எடுக்க முடியாது. ஒரு வருஷம் ஊத்தாமப் போனான்னா அப்ப வா, பேசலாம்" என்றார்.

அன்றிலிருந்து ஓய்னிசாவுக்கு ஆடுகள்தான் வீட்டுப் பத்திரம். குட்டி போட்டால் பால். பால் இருந்தால் ஊர். இது அவளுக்கும் தெரியும், இடுப்பளவு மண்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தவக்கலுக்கும் தெரியும்.

அவள் ஆடுகள் கறந்ததற்குக் காரணம் மந்திரம் இல்லை. மேய்ச்சலில் மற்றவர்கள் கம்பளி முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் ஆட்டின் வாயைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். குட்டி போட்ட ஆடு காட்டுப் பெருஞ்சீரகத்தைத் தேடிப் போகும். வயிறு உப்பிய ஆடு மாசிபத்திரியைக் கடிக்கும். கழிச்சல் கண்டது ஓடை ஓரத்துப் புதினாவை வேரோடு இழுக்கும். அதையெல்லாம் அரிவாளால் அறுத்து, கூரையில் நிழல் விழும் பக்கம் உலர்த்தி, கையால் நொறுக்கிச் சலிப்பாள். காஞ்சொறியைக் காய்ந்த பிறகு சேர்ப்பாள், அப்போது அது சொறியாது. தோட்ட வரப்பில் வெந்தயம் போட்டிருந்தாள். வாற்கோதுமைத் தவிடு, உலர்ந்த முசுக்கொட்டைப் பழத்தை இடித்த மாவு, உப்பு. எல்லாம் கலந்து சாயங்காலம் ஆட்டுக்கு ஒரு கைப்பிடி. கறவைக்குக் கருஞ்சீரகமும் காட்டு ஓமமும் கூடும். சினை பிடித்துவிட்டால் அவை இரண்டையும் நிறுத்திவிடுவாள். அவள் கொட்டிலுக்குள் நுழைந்தால் பலகாரக்கடை வாசனை அடிக்கும்.

*

பனி கூரையில் அடுக்கிய வைக்கோல் மேல் உறைந்து கிடந்த ஒரு பிற்பகல், சைனுரா சுவரேறி வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"ஓய்னிசா, இருக்கியாடி?"

"எங்க போகப் போறேன். வா அக்கா. சூடா ஷீர்ச்சாய் இருக்கு." ஓய்னிசா தேநீரில் பாலும் உப்பும் வெண்ணெயும் போட்டு, ரொட்டியைப் பிய்த்துக் கிண்ணத்தில் நனைத்து நீட்டினாள். "மெல்ல வேண்டாம், விழுங்கு. இன்னைக்கு எதுக்காம்?"

"ஆடு இளைச்சுப் போச்சாம்."

"ஆடு இளைச்சா ஆட்டைத்தான அடிக்கணும்."

"ஆடு திருப்பி முட்டுமே."

இருவரும் சிரித்தார்கள். சைனுரா தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வலிக்குதுடி, சிரிக்க வைக்காத. எனக்கு உன் தூள் வேணும். அந்தத் தவிட்டுல கலக்குறது."

ஓய்னிசா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தவக்கல் அண்ணனா கேட்டு வரச் சொன்னாரு?"

"அவருக்கு உங்கிட்டக் கேக்க முடியுமா? குட்டி மட்டும் நல்லபடியா விழலேன்னா உன்னைத் தலைகீழாக் கட்டித் தொங்க விடுவேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு." கொஞ்ச நேரம் ரொட்டியைக் கிண்ணத்தில் நசுக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கும் தள்ளிப் போயிருக்குடி."

"அய்யோ. அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அடிக்க மாட்டாருன்னு நெனைக்கிறியா?"

"வயித்துல அடிக்க மாட்டாருல்ல."

"கை ஓங்குறப்ப எங்க விழும்னு அவருக்கே தெரியாது. போன தடவை அப்படித்தான் போச்சு."

ஓய்னிசா எழுந்து மச்சிலிருந்து மூட்டையை இறக்கினாள். தன் ஆடுகளுக்கு வசந்தம் வரை போதுமாக வைத்திருந்ததில் பாதியை ஒரு தலையணை உறையில் கொட்டினாள்.

"சாயங்காலம் மட்டும். ஆட்டுக்கு ஒரு கைப்பிடி, தவிட்டோட. சினையாட்டுக்குன்னே கலந்தது அக்கா. இதுல வேற எதையும் போட்டுடாத."

"என்னத்தப் போடப் போறேன், வீட்டுல என்ன கெடக்கு?"

"நான் குடுத்தேன்னு சொல்லாத."

"சொல்லாட்டி மட்டும்? மூட்டையைத் திறந்தா வாசனையே சொல்லிடும்."

*

பத்துப் பன்னிரண்டு நாளில் தவக்கலின் ஆடுகள் தலை நிமிர்ந்தன. மயிரில் பளபளப்பு ஏறியது. மூட்டை எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை, கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்.

ஆலைப் பாலத்தில் ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் ஒருவன் சொன்னான்: "தவக்கலோட ஆடெல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்குது. பொண்டாட்டிதான் கறுத்துப் போயிட்டா." எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை தவக்கலும் சிரித்தான். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் அந்த ‘மினுங்குது’ அவன் காதில் இருந்தது. ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் பத்துப் பேர் மனதுக்குள் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே இஸ்பந்துச் சரம் தொங்கும். தரிசில் தானாக முளைக்கிற செடி. காய்ந்த காய்களை நூலில் கோத்து மாட்டுவார்கள். குழந்தை அழுதால், மாடு உதைத்தால், விருந்தாளி போன பின் தலை வலித்தால், ஒரு பிடி எடுத்துக் கனலில் போட்டால் வெடித்துப் புகையும். அந்தப் புகையில் கண்ணேறு போய்விடும். இஸ்பந்து இல்லாத வாசலை நாங்கள் பார்த்ததில்லை.

தவக்கல் அன்று ஆடுகளுக்குப் புகை போட்டான். அதோடு நிற்கவில்லை. சரத்திலிருந்து காய்களை உருவி, உள்ளங்கையில் கசக்கி, தூள் கலந்த தவிட்டுத் தொட்டியில் தூவினான்.

"என்னங்க செய்றீங்க?" என்றாள் சைனுரா.

"வெளிய ஒட்டின கண்ணைப் புகை பாத்துக்கும். உள்ள இறங்குன கண்ணுக்கு?"

"அது திங்கிறதுக்கு இல்லங்க. கசக்கும்."

"கசந்தாத்தான் மருந்து. வெந்தயம் கசக்கலையா?"

"வேற எதுவும் போடாதேன்னு ஓய்னிசா..."

அவன் திரும்பாமலே புறங்கையால் அறைந்தான். "என் ஆட்டுக்கு அவ யாருடி?"

வெறும் இஸ்பந்தை எந்த ஆடும் தொடாது. மேய்ச்சலில் அதைச் சுற்றிப் போகும். ஆனால் உப்பும் பெருஞ்சீரகமும் முசுக்கொட்டை மாவும் சேர்ந்த தொட்டியில் அவை மூக்கை நுழைத்து அடி வரை நக்கின. தவக்கலுக்கு அது சந்தோஷமாக இருந்தது. மறுநாளும் தூவினான். அடுத்த நாளும். வாசல் சரம் தீர்ந்ததும் உள்ளறைச் சரத்தை எடுத்தான். சைனுரா விதை தூவாத தவிட்டைத் தனியாகக் கொட்டிப் பார்த்தாள். அவன் அவள் கையைத் தொட்டி விளிம்பில் வைத்து மிதித்தான்.

முதலில் ஆடுகள் நடுங்கின. பின்னங்கால் பின்னிக்கொண்டு போனது. எச்சில் நூலாக வடிய, தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றன. ஒரு காலை சைனுரா கொட்டிலைத் திறந்தபோது தரையில் மயிர் முளைக்காத குட்டிகள் கிடந்தன. சாணியில் புரண்டு, நாக்கு வெளியே தள்ளி. நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. அன்றே இன்னும் சில ஆடுகள் குறைக்குட்டி போட்டன. மறுநாள் இரண்டு தாய் ஆடுகள் காலை உதைத்துக்கொண்டே செத்தன.

தவக்கல் செத்த ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டு அதன் காதைத் தடவினான். அழுதான் என்று சைனுரா பிற்பாடு சொன்னாள். பிறகு எழுந்து, இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு சுவரைத் தாண்டினான்.

*

ஓய்னிசா தொட்டியில் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். கதவு கீலோடு சாய்ந்தது. அவன் அவள் பின்னலைக் கையில் சுற்றி இழுத்து, சாணிச் சேற்றில் தள்ளி, விலாவில் உதைத்தான்.

"என்னத்தடி குடுத்த என் ஆட்டுக்கு?"

"அதையேதான் இதுங்களும் திங்குது. பாருங்க."

அவன் பார்த்தான். பெருத்த வயிறுகளோடு அவள் ஆடுகள் தொட்டியைச் சுற்றி நின்று அமைதியாக மென்றுகொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு வெறி முற்றியது. முன்னால் நின்றது சாம்பலி, மந்தையின் தலையாடு. பின்னங்காலைப் பிடித்து மல்லாத்தினான். குட்டி போட இன்னும் சில வாரம் இருந்தது. மடி அப்போதுதான் ஊறி இறுகத் தொடங்கியிருந்தது. மடியின் ஒரு பக்கத்தில் கத்தியை வைத்து இழுத்தான்.

ஆடு மனுசக் குழந்தை மாதிரிக் கத்தியதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அவன் அடுத்த ஆட்டின் காலைப் பிடித்தபோது ஓய்னிசா சுவரிலிருந்து புல்லரிவாளை எடுத்துவிட்டாள். குனிந்திருந்தவனின் இடது முன்கையில் அது கோட்டுத் துணியைத் துளைத்து எலும்பு வரை இறங்கியது. இன்னொரு முறை ஓங்கினாள். அதற்குள் ஆட்கள் வந்து அவனைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். தவறிய அரிவாள் கதவு நிலையில் பாய்ந்து நின்றது.

சைனுரா கூரை மேல் வைக்கோல் கட்டோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெத்தை தைக்கும் ஊசியாலும் கம்பளி நூலாலும் ஓய்னிசா ஆட்டின் மடியைத் தைத்தாள். மொஹ்பேகிம் ஆட்டின் கால்களைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஆடு மேல உக்காந்து எனக்கே மூச்சு வாங்குதுடி. சீக்கிரம் தை." பிடியை இறுக்கிக்கொண்டே கேட்டாள்: "உன் தூள்ல ஏதும் தப்பு இருக்குமா?"

"இருந்தா என்னோடதுதான் முதல்ல விழுந்திருக்கும்."

"உன்னோடது நிக்குது, அவனோடது போச்சு. ஊருக்கு அது போதும். நாளைக்கு ஹொகிம்ஷோ வாராரு. ஆடெல்லாம் அவனுக்கு, நீ உன் அண்ணன் வீட்டுக்குன்னு பேச்சு அடிபடுது."

ஓய்னிசா நூலைப் பல்லால் கடித்தாள். "சைனுரா என்ன சொல்றா?"

"அவ என்னத்தச் சொல்லுவா. வாயில பல்லு எங்க இருக்கு?"

*

மறுநாள் நடுப்பகலில் தவக்கலின் முற்றத்தில் கூடினார்கள். பனி மிதிபட்டுச் சேறாகியிருந்தது. ஆண்கள் சுவரோரம். பெண்கள் கூரை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு. தவக்கல் கட்டுப் போட்ட இடது கையை மார்போடு அணைத்திருந்தான். செத்த ஆடுகள் இரண்டும் விறைத்து அவன் காலடியில் கிடந்தன.

"ஏத்துக்கிட்ட வார்த்தைப்படிதான் கேக்குறேன்" என்றான் அவன், ஹொகிம்ஷோவைப் பார்த்து. "என் ஆட்டுக்கு நஞ்சு வச்சா. அவ ஆடு எனக்கு. இந்த வருஷம் அவ ஊத்தப் போறதில்ல. ஊத்தாட்டிப் பேசலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

ஹொகிம்ஷோ தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "நீ என்னம்மா சொல்ற?"

"செத்த ஆட்டைத் திறக்கணும்."

முணுமுணுப்பு எழுந்தது. அறுக்காமல் தானாகச் செத்த உடல். முற்றத்தில் அதைக் கீறுவது அசுத்தம்.

"திங்கிறதுக்குத்தான் ஹராம்" என்றார் ஹொகிம்ஷோ. அவர் வாழ்நாளில் முழுதாகச் சொன்ன ஒரே முடிவு அதுதான் என்று இன்றும் கேலி செய்வார்கள். "திற."

ஓய்னிசா விலாவுக்குக் கீழே கீறினாள். உப்பியிருந்த இரைப்பை பிதுங்கி வந்தது. நாற்றத்தில் ஆண்கள் கோட்டுக் கழுத்தைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டார்கள். அவள் இரு கையாலும் உள்ளிருந்ததை வாரி, மிதிபடாத பனி மேல் போட்டு, விரலால் பரப்பினாள். தவிடு, வைக்கோல் துணுக்கு, பச்சையாக இருந்த புதினா இலைத் தூள். அதற்கு நடுவே மிளகில் பாதிகூட இல்லாத, கோணல்மாணலான கருப்பு விதைகள். வெள்ளைப் பனியில் அவை நன்றாகத் தெரிந்தன. அவள் பரப்பப் பரப்ப வந்துகொண்டே இருந்தன.

மொஹ்பேகிம் கூரையிலிருந்து இறங்கி வந்து குனிந்தாள். ஒன்றை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கி முகர்ந்தாள்.

"இஸ்பந்து" என்றாள்.

எல்லார் கண்ணும் தவக்கலின் வாசல் நிலைக்குப் போனது. அங்கே ஆணியில் வெறும் நூல் தொங்கியது. பிறகு எல்லோரும் சைனுராவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"அவளை எதுக்குப் பாக்குறீங்க. நான்தான் போட்டேன்" என்றான் தவக்கல். அவன் குரலில் பயம் இல்லை, திகைப்புதான் இருந்தது. "காவலுக்குப் போட்டேன். நீங்க எல்லாரும் வாசல்ல மாட்டியிருக்கீங்க, பிள்ளை தொட்டில்ல கட்டியிருக்கீங்க. அது எப்படிக் கொல்லும்?"

அவன் கேட்டதை அங்கே நின்ற பாதிப் பேர் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புகை போடுறதுதானப்பா. திங்கிறதுக்கா?" என்றார் ஒரு கிழவர்.

"தின்னா என்ன ஆகும்? இப்பப் பாருங்க." உள்ளே போய் மிச்சமிருந்த சரத்தைக் கொண்டுவந்தான். வலது கையால் காய்களை உருவி நசுக்கினான். "யாருக்குச் சந்தேகம்? வாங்க, தின்னுட்டுப் போங்க."

ஒருவரும் அசையவில்லை. கையை நீட்டியபடி சுற்றிலும் பார்த்தவன் சைனுராவிடம் வந்து நின்றான்.

"நீ தின்னு. தின்னுட்டு நீ நிக்கிறத ஊரு பாக்கட்டும்."

"நான் முழுகாம இருக்கேங்க" என்றாள் அவள். அவனிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை, அத்தனை பேருக்கு நடுவில்.

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "அப்ப உனக்குத்தாண்டி முதல்ல காவல் வேணும்."

காயம்பட்ட கையின் முழங்கையால் அவள் கழுத்தைச் சுவரோடு அழுத்தினான். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவன் கட்டைவிரல் உதட்டைப் பிளந்து, பல் போன சந்து வழியாக விதைகளைத் திணித்தது. அவள் கால் சேற்றில் வழுக்கி அடித்துக்கொண்டது. ஆண்கள் தங்கள் பூட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்தவன் மனைவி. ஹொகிம்ஷோ, "தவக்கல்... ஏ தவக்கல்" என்று சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

சாணி வாரும் மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. ஓய்னிசா அதைத் திருப்பிப் பிடித்து அவன் வலது கையில் இறக்கினாள். காய்ந்த கிளை ஒடிகிற சத்தம் கூரையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. அவன் திரும்பினான். இரண்டாவது அடி முழங்காலில். பரப்பி வைத்திருந்த குடல் கழிவின் மேலேயே விழுந்தான். எழ முயன்றவனின் முதுகில் மொஹ்பேகிம் தன் முழு எடையோடு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கூரையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். ரப்பர் செருப்பு, விறகு, பனிக்கட்டி. கையில் கிடைத்தது எல்லாம்.

சைனுரா சுவரோரம் மண்டியிட்டு, தொண்டைக்குள் விரலை விட்டுக் கக்கினாள். கக்கி முடித்து, வாயில் மிச்சமிருந்த விதைகளை நாக்கால் ஒன்றுசேர்த்தாள். எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவன் முகத்தில் துப்பினாள்.

"போதும்" என்றார் ஹொகிம்ஷோ. அவர்கள் சிறிது நேரம் கழித்துத்தான் நிறுத்தினார்கள்.

"எலும்பு கட்டுறவனைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஓய்னிசாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆடுகள் யாருக்கு என்றும் சொல்லவில்லை. அன்று மாலை சைனுரா ஒரு போர்வையையும் கெண்டியையும் எடுத்துக்கொண்டு சுவர் தாண்டிப் போனாள். யாரும் தடுக்கவில்லை.

*

ஓய்னிசாவின் ஆடுகள் பனி உருகும்போது குட்டி போட்டன. சாம்பலிக்கு இரட்டை. தைத்த பக்கம் கல்லாக இறுகிவிட்டது, மற்றக் காம்பு மட்டும் ஊறியது. குட்டிகளில் ஒன்றைப் பக்கத்து ஆட்டிடம் பழக்கிவிட்டாள்.

பால்கூட்டு தொடங்கிய நாள் மொஹ்பேகிம் புதுக்குச்சியோடு பானை அருகே உட்கார்ந்திருந்தாள். ஓய்னிசா ஊற்றினாள், வெட்டு விழுந்தது. அவள் பின்னால் சைனுரா ஒரு சின்னச் சொம்போடு நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"இது எந்த வீட்டுப் பாலுடி?" என்றாள் மொஹ்பேகிம்.

"சாம்பலியோடது. சாம்பலி அவளுக்கு" என்றாள் ஓய்னிசா. "ரெண்டு அடுப்பு. தனியா வெட்டுங்க."

சைனுரா வேறு பானையில் ஊற்றினாள். மொஹ்பேகிம் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "இவ்வளவு கீழ நான் வெட்டுனதே இல்லயேடி. குச்சி இத்தனை நீளம் எதுக்கு?"

"மேல வரும்" என்றாள் சைனுரா.

வெட்டு விழுந்தது. அதோடு அவள் ஊர்க் கணக்கில் ஏறினாள். தவக்கல் ஊரிலேயே இருந்தான். வலது கை கோணலாகக் கூடியிருந்தது, அந்தக் கையால் கோப்பையைத் தூக்க முடிந்தது, வேறு எதுவும் முடியவில்லை. சில மாலைகளில் மண்சுவர் வரை வந்து நிற்பான். ஓய்னிசாவின் கதவைப் பார்ப்பான். சுவரைத் தாண்ட மாட்டான்.

அந்தக் கதவு நிலையில் அரிவாள் பாய்ந்த தடம் இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே இஸ்பந்துச் சரம் தொங்கிய ஆணியில் இப்போது அந்தப் புல்லரிவாளையே மாட்டியிருக்கிறார்கள். அதை வேலைக்கு எடுப்பதில்லை, புல் அறுக்க வேறு வாங்கிவிட்டார்கள். கோடை மேய்ச்சலுக்கு ஏறும் முன் துணி விற்க வரும் வியாபாரி வாசலில் மூட்டையை இறக்கும்போது அது தலையில் இடித்து அண்ணாந்து பார்த்தான்.

"என்னம்மா இது, வாசல்ல போய் அரிவாளைத் தொங்கவிட்டிருக்கீங்க?"

சைனுரா தொட்டியில் தவிடு கலந்துகொண்டிருந்தாள். பெருஞ்சீரகமும் வெந்தயமும் கையெல்லாம் ஒட்டியிருந்தது. நிமிராமலே சொன்னாள், பல் போன சந்தில் காற்று வர:

"கண்ணேறுக்கு."